ஓட்டை ஷூக்காரனின் கிட்டார்: ‘சர்ச் ஸ்ட்ரீட் புளூஸ்’ குறித்துச் சில குறிப்புகள்

டோனி ரைஸின் ‘சர்ச் ஸ்ட்ரீட் புளூஸ்’ இசைத்தொகுப்பு 1983ல் வந்தது. அக்கூஸ்டிக் கிட்டாரில் பிக் பிடிக்க ஆசைப்படுகிற எல்லோரும் என்றாவது ஒருநாள் அந்த வாசலில் போய் நிற்கத்தான் வேண்டும். நானும் மூணு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன். தொகுப்பின் முதல் பாட்டை நண்பர்கள் கூடுகிற இடங்களில் வாசித்துப் பாடுகிறேன். அந்த வகையில் இது வெறும் ரசிகனின் குறிப்பு இல்லை. எனக்கு இதில் ஒரு வழக்கு இருக்கிறது.

வழக்கு என்னவென்றால், இந்தத் தொகுப்பை எல்லோரும் கிட்டார் பாடமாகக் கேட்கிறார்கள், பாட்டுத் தொகுப்பாகக் கேட்பவர்கள் குறைவு. இதில் ரைஸ் எழுதிய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. நார்மன் பிளேக், ரால்ஃப் மெக்டெல், பாப் டிலன், டாம் பாக்ஸ்டன், கார்டன் லைட்ஃபுட், ஜிம்மி ராஜர்ஸ் என்று எல்லாமே அடுத்தவர் பாட்டு. பாடாத இடங்களில் பில் மன்றோவின் மெட்டுகளும் ஊர்வழி வந்த மெட்டுகளும். சில இடங்களில் தம்பி வயட் ரைஸ் கூட ஒரு கிட்டார் வாசிக்கிறார். மற்றபடி ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரு பிக். ஆக இது முழுக்க முழுக்க ‘கவர்’ பாடல்களின் தொகுப்பு. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி “எவ்வளவு நல்லா வாசிக்கிறார்” என்பது இல்லை. “அடுத்தவன் பாட்டை வாங்கி என்ன செய்தார்” என்பதுதான்.

ஃபிளாட்பிக்கிங் என்றால் என்ன என்று புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தட்டையான பிக்கைப் பிடித்து, கார்டு மட்டும் அடிக்காமல் மெட்டையே தந்தி தந்தியாக எடுத்து வாசிப்பது. சொல்லும்போது எளிது.

இந்தப் பாணியே ஒரு வகையில் கவரில் பிறந்ததுதான். வட கரோலினாவின் டீப் கேப்பைச் சேர்ந்த டாக் வாட்சன் 1950களில் ஒரு நடனக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். சதுர நடனத்துக்கு ஃபிடில் வேண்டும், குழுவிலோ ஃபிடில் வாசிக்க ஆள் இல்லை. ஃபிடில் மெட்டுகளை வாட்சன் கிட்டாரிலேயே எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் யாரும் அப்படி வாசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிறகு 1960களில் அவர் அக்கூஸ்டிக் கிட்டாரோடு மேடை ஏறியபோது, கேட்டவர்களுக்கு அதுவரை பின்னால் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்த கிட்டார் முன்னால் வந்துவிட்டது. வில் இழுக்க வேண்டிய சுரத்தைப் பிக் தட்டுகிறது. வில்லுக்கு மூச்சு நீளம், பிக்குக்குத் தட்டினதும் சுரம் தேய ஆரம்பித்துவிடும். இருப்பதை வைத்து இல்லாததை நிரப்புகிற சாமர்த்தியம் இந்தக் கலையின் ரத்தத்தில் இருக்கிறது.

இன்னொரு பக்கம் பான்ஜோ. பான்ஜோக்காரர் மூன்று விரல்களால் உருட்டுகிற உருட்டலை ஒரே பிக்கால் மூன்று தந்திகளில் மாற்றி மாற்றி எடுக்கிற வித்தைக்கு ‘கிராஸ்பிக்கிங்’ என்று பெயர். ஸ்டான்லி பிரதர்ஸோடு வாசித்த ஜார்ஜ் ஷஃப்லர் கிட்டாரில் இதை ஒரு தனிப் பாணியாகவே ஆக்கினார். நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். எட்டு தட்டுகளை 3+3+2 என்று பிரித்தால் “தகிட தகிட தக” தானே? கேள்வி, கை எந்தப் பக்கம் போகிறது என்பது. கீழ்-மேல் என்று கண்டிப்பாக மாற்றி மாற்றி வாசித்தால் முதல் ‘த’ கீழ் தட்டில் விழும், இரண்டாவது தகிடவின் ‘த’ மேல் தட்டில் விழும், கடைசி ‘தக’ மறுபடி கீழிலிருந்து தொடங்கும். ஷஃப்லர் வழியில் கீழ்-கீழ்-மேல், கீழ்-கீழ்-மேல், கீழ்-மேல். அப்போது மூன்று ‘த’வும் கீழ் தட்டுதான். கணக்கு ஒன்றேதான், கேட்கிறபோது இரண்டும் வேறு. மேல் தட்டில் விழுகிற அழுத்தம் கொஞ்சம் இலேசாக, கால் இடறின மாதிரி இருக்கும். கீழ் தட்டில் விழுவது ஊன்றி நடக்கிற மாதிரி. உங்கள் கையில் கிட்டார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேஜையில் ஒரு விரலால் கீழும் மேலுமாகத் தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். ரைஸின் வலது கை இந்த இரண்டு விதிக்குமே முழுசாகக் கட்டுப்படாதது. அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, கையை அதற்குத் தகுந்தபடி அனுப்புகிறவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

விரல்களால் வாசிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. கட்டைவிரல் கீழ்ச்சுரத்தை எடுக்கும் அதே நொடியில் மோதிர விரல் மேல்தந்தியைத் தொடலாம். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். பிக்குக்கு அது முடியாது. ஒரு நேரத்தில் ஒரு தந்தி, இல்லையா, பக்கத்துப் பக்கத்துத் தந்திகளைச் சேர்த்து ஒரு வருடல். ஆறாவது தந்தியையும் முதல் தந்தியையும் மட்டும் ஒரே நொடியில் தொட ஒற்றைப் பிக்கால் வழியே இல்லை. அப்படியென்றால் விரலுக்காக எழுதின பாட்டைப் பிக்குக்குக் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு அடியிலும் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுகிறார் என்பதில்தான் அவர் அந்தப் பாட்டை எப்படிப் படித்தார் என்பது வெளியே வருகிறது.

இப்போது பாட்டுக்கு வருகிறேன்.

‘சர்ச் ஸ்ட்ரீட் புளூஸ்’ நார்மன் பிளேக் எழுதியது. அவருடைய 1976 தொகுப்பான ‘விஸ்கி பிஃபோர் பிரேக்ஃபாஸ்ட்’டில் இருக்கிறது. பாட்டில் வருகிற ஆள் கையில் காசில்லாதவன். அந்நிய ஊரில் மழையில் நிற்கிறான், வீட்டுப் படுக்கையை நினைத்துக்கொள்கிறான். அவன் சந்திக்கிற நண்பன் ஒருவன் நேற்றைய செய்தித்தாளை மடித்துத் தன் ஷூவுக்குள் வைக்கிறான். ஷூவில் ஓட்டை என்று பாட்டு சொல்வதில்லை, நாமே புரிந்துகொள்ள வேண்டியது. பழைய மார்ட்டின் கிட்டார் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு செட் தந்தி கிடைத்தால் ஏதாவது ஒரு குழுவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசைப்படுகிறான், அதற்கும் வழியில்லை. சரி, இங்கேயே கொஞ்ச நேரம் வாசித்துப் பாடிக்கொண்டிருப்போம், சில்லறை விழுந்தால் விழட்டும் என்று நின்றுவிடுகிறான். அழுகை கிடையாது. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்கிற ஆள்.

பிளேக் இதைப் பாடும்போது அந்த ஆள் அவர்தான் என்று நம்புவதில் சிரமமே இல்லை. 1938ல் டென்னசியின் சாட்டனூகாவில் பிறந்தவர். டிலனின் ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ பதிவில் வாசித்தவர். ஆனாலும் அவருடைய வலது கை வீட்டுத் திண்ணையை விட்டு வரவே இல்லை. மேபெல் கார்ட்டர் கட்டைவிரலால் மெட்டைக் கீழ்த்தந்திகளில் எடுத்து, நடுவில் விரலால் கார்டை வருடுவாரே, அந்த வழியைப் பிக்குக்கு மாற்றின மாதிரி இருக்கும் பிளேக்கின் வாசிப்பு. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் வருடிக்கொண்டே போவார். மணிக்கட்டு தளர்வாக ஆடும். சில சுரங்கள் பாதிதான் கேட்கும். தந்தி புதுசா பழசா என்று சந்தேகம் வரும். இந்தப் பாட்டுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று சொல்லவே வேண்டாம்.

ரைஸுக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கழுவி வைத்த மாதிரி இருக்கும். ஜே. டி. குரோவின் குழுவில் தாளக் கிட்டார் வாசித்தவர், பிறகு டேவிட் கிரிஸ்மனின் குழுவுக்குப் போய் ஜாஸ் கார்டுகளை முறையாகக் கற்றுக்கொண்டு வந்தவர். அந்தக் கையால் ஓட்டை ஷூக்காரனின் பாட்டை வாசிக்கும்போது ஒரு சங்கடம் வருகிறது. தந்தி வாங்கக் காசில்லாத ஆள் இவ்வளவு பளபளப்பாகவா வாசிப்பான்? இந்தத் தொகுப்பைப் பற்றிய எந்தப் புகழுரையும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் தீர வேண்டும் என்று நினைக்கிறேன். கேட்காமல் “மாஸ்டர்பீஸ்” என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு நகர்வது எனக்குச் சரிப்படவில்லை.

என் பதில்: ரைஸ் தப்பித்துவிடுகிறார், குரலால்.

அவர் பாடுகிற விதத்தைக் கவனியுங்கள். சோகத்தைக் கூட்டுவதில்லை. ஆழமான குரல், தட்டையாக, ஏறக்குறைய பேசுகிற தொனியில், விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் ஜன்னலைப் பார்த்தபடி தன் கதையைச் சொல்கிற மாதிரி. பரிதாபம் கேட்காத குரல். அந்த ஆளின் மிச்சமிருக்கிற துள்ளல், சுய எள்ளல், “பார்த்துக்கலாம்” என்கிற திமிர் எல்லாம் கிட்டாரில்தான் இருக்கிறது. வரி முடிந்து குரல் நிற்கிற இடத்தில் கிட்டார் நாலு அடி ஓடிவிட்டு, அடுத்த சொல் வருவதற்குள் வழிவிட்டு ஒதுங்குகிறது. சொற்கள் நெருக்கமாக வரும் இடத்தில் அடங்கிவிடுகிறது. அப்போது கிட்டாரின் பளபளப்பு அவனிடம் பணம் இருப்பதைக் காட்டுவதாக இல்லை. அவனிடம் மிச்சமிருக்கிற ஒரே சொத்து அந்தக் கைதான் என்று காட்டுகிறது. பிளேக்கின் ஆள் வறுமையோடு பழகிவிட்டவன். ரைஸின் ஆள் வறுமையிலும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறவன். நம் ஊர்ப் பக்கம் அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதனால்தான் குரலை எடுத்துவிட்டால் இந்தக் கவர் விழுந்துவிடுகிறது. இணையத்தில் இந்தப் பாட்டின் கிட்டார் பகுதியை மட்டும் வாசிக்கிற வீடியோக்கள் ஏராளம். தனிப்பட்ட யாரையும் குறை சொல்வதற்காக இல்லை, பெரும்பாலும் உழைத்துப் படித்தவர்கள்தான். திரையில் டேப் ஓடும், சுரம் பிசகாது. ஆனால் அங்கே கேட்பது குரலுக்காக விடப்பட்ட இடைவெளிகளை எல்லாம் மூடிவிட்ட ஒரு பயிற்சி. வேகத்தையும் கொஞ்சம் ஏற்றிவிடுவார்கள். பாட வேண்டியதில்லையே, மூச்சு முட்டாது. விளைவு, மழையில் நின்ற ஆள் காணாமல் போய், அவன் இடத்தில் நல்ல ஷூ போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

இங்கே ஒரு விஷயம் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது. ரைஸின் பெயரோடு ஒட்டிப் பேசப்படுகிற கிட்டார் ஒன்று உண்டு, 1935ல் செய்த மார்ட்டின் டி-28. அதற்கு முன் கிளாரன்ஸ் வைட்டிடம் இருந்தது. ஒலித்துளையை யாரோ பெரிதாக்கி வைத்த, அடிபட்ட கிட்டார். 1973ல் வைட் விபத்தில் இறந்தார். 1975ல் ரைஸ் அதைத் தேடிப் பிடித்து 550 டாலருக்கு வாங்கினார். அதைப் பார்த்து இன்று புதிதாகச் செய்கிற கிட்டார்களின் விலையைக் கேட்டால் நமக்கெல்லாம் தலை சுற்றும். ஒரு செட் தந்திக்கு ஏங்குகிறவனின் பாட்டை வாசிக்க இத்தனை செலவு! சரி, அது அவரவர் பாக்கெட்.

“பாடத் தெரியாதவன் என்ன செய்வது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ரைஸ் பாடும் அளவுக்குப் பாட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டு போகிற அளவுக்குக் குரல் இருந்தால் போதும். பாடிக்கொண்டே வாசித்தால் கைக்குத் தானாகவே ஒரு ஒழுங்கு வரும். எங்கே ஓடக்கூடாது என்று வாயே சொல்லிக்கொடுத்துவிடும். டேப் அதைச் சொல்லாது, எந்த ஃப்ரெட் என்று மட்டும்தான் சொல்லும்.

அடுத்தது ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லண்டன்’. விரலுக்கும் பிக்குக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாட்டு இந்தத் தொகுப்பில் இல்லை. ரால்ஃப் மெக்டெல் 1969ல் முதலில் பதிவு செய்தார். 1974ல் மறுபடி வெளியானபோது பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. அவர் முதலில் மனதில் வைத்திருந்தது பாரிஸ் நகரத்துத் தெருவோர மனிதர்களை. பிறகுதான் பாட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. தனிமை தனிமை என்று புலம்புகிற ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், உண்மையிலேயே யாருமில்லாதவர்களைக் காட்டுகிற பாட்டு. மெக்டெல் விரல்களால் வாசிக்கிறார். கட்டைவிரல் படி இறங்குகிற மாதிரி கீழ்ச்சுரங்களில் நடக்க, மற்ற விரல்கள் மேலே உருட்டிக்கொண்டே இருக்கும். நிற்காத உருட்டல். அதனால்தான் அது இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்கள் வரை போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். அந்த உருட்டலுக்குத் தாலாட்டின் குணம் இருக்கிறது.

அதுவே பாட்டின் ஆபத்தும். வீடில்லாத கிழவரைப் பற்றிய பாட்டைக் கேட்டுவிட்டு நமக்கு இதமாக இருக்கிறது என்றால் எங்கோ ஏதோ சரியில்லை.

ரைஸ் அந்த உருட்டலைப் பிக்குக்குக் கொண்டுவருகிறார். விரலில் சேர்ந்து ஒலித்தவை பிக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விளிம்பு கிடைக்கிறது. தாலாட்டு போய் நடை வருகிறது. ஆமாம், தெருத்தெருவாக அழைத்துப் போகிற பாட்டுக்கு நடை இருக்க வேண்டாமா? குரலிலும் கெஞ்சல் இல்லை. “பார், இதோ ஒருத்தர், இதோ இன்னொருத்தர்” என்று காட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. லண்டனைப் பற்றி ஒரு வர்ஜீனியாக்காரர் பாடுவது ஒட்டவில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அது நல்லதாகத்தான் தெரிகிறது. ஊர்க்காரர் காட்டும்போது நாம் ஊரைப் பார்ப்போம். வெளியூர்க்காரர் காட்டும்போது ஆட்களைப் பார்க்கிறோம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மெக்டெல்லின் இறங்குகிற கீழ்ச்சுரம் பாட்டின் முதுகெலும்பு. அது மேல் சுரங்களோடு சேர்ந்து ஒலிக்கும்போது கிடைக்கிற நிறைவை ரைஸால் தர முடியவில்லை. முடியவே முடியாது, கருவி அப்படி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ரைஸின் வாசிப்பு கொஞ்சம் மெலிந்து தெரியும். தெரியட்டும். அந்த மெலிவு இந்தப் பாட்டுக்குத் தேவைப்பட்டது என்பது என் கட்சி. மாற்றுக்கட்சிக்கும் இடமுண்டு.

பாக்ஸ்டனின் ‘லாஸ்ட் திங் ஆன் மை மைண்ட்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழகாக இருக்கிறது, ஆனால் அதை அழகாகப் பாடாதவர்களே குறைவு. டிலனின் ‘ஒன் மோர் நைட்’டும் அப்படியே, இலேசான பாட்டை இலேசாகவே விட்டிருக்கிறார். மன்றோவின் ‘ஜெருசலேம் ரிட்ஜ்’ ஃபிடிலுக்குப் பேர்போன மெட்டு. அதில் ரைஸ் செய்தது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே தொடவில்லை.

லைட்ஃபுட்டின் ‘எட்மண்ட் ஃபிட்ஜெரால்ட்’ மட்டும் கொஞ்சம் நிற்க வைக்கிறது. 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய சரக்குக் கப்பலின் கதை. 29 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த வருஷமே லைட்ஃபுட் பாட்டாக்கி வெளியிட்டார். பல்லவி கிடையாது. ஒரே மெட்டு, அதே கார்டுகள், சரணம் சரணமாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நம் கதைப்பாடல்கள் மாதிரி. லைட்ஃபுட்டுக்குப் பின்னால் எலெக்ட்ரிக் கிட்டார் உட்பட ஒரு குழுவே இருந்தது. சரணங்களுக்கு நடுவில் அவர்கள் அலையை எழுப்பிவிடுவார்கள். ரைஸிடம் அதெல்லாம் இல்லை. ஒரு மாதிரியான மெட்டை ஆறு தந்தியில் அலுக்காமல் கொண்டுபோக வேண்டும். இங்கே யாரும் எதிர்பார்க்கிறது என்ன? சரணத்துக்குச் சரணம் புதுப்புது வித்தை. மனுஷன் கை வைக்கவில்லை. கப்பல் மூழ்குகிறபோது நாம் கிட்டாரைக் கவனித்துவிடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்தத் தொகுப்பிலேயே வாசிக்காமல் விட்டதற்காக அவரை அதிகம் மெச்ச வேண்டிய இடம் இது என்பேன்.

இனி, கவரின் கவர். பஞ்ச் பிரதர்ஸ் இந்தத் தொகுப்பை எடுத்துத் தங்கள் பாணியில் மறுபடி வாசித்து ‘ஹெல் ஆன் சர்ச் ஸ்ட்ரீட்’ என்று 2022ல் வெளியிட்டார்கள். பதிவு நடந்தது 2020 நவம்பரில். ரைஸுக்குக் கொடுக்க நினைத்த பரிசு. அந்த வருஷம் கிறிஸ்மஸ் அன்று அவர் இறந்துவிட்டார். குழுவின் கிட்டார்க்காரர் கிறிஸ் எல்ட்ரிட்ஜ் ரைஸிடமே நேரில் கற்றவர். ஆக, ரைஸ் மாதிரியே வாசித்துக் காட்டும் தகுதி அவருக்கு எல்லோரையும்விட அதிகம். அதைச் செய்யவில்லை என்பதுதான் அந்தத் தொகுப்பின் பெரிய கௌரவம். ஒரு கிட்டார் செய்த வேலையை மாண்டலின், ஃபிடில், பான்ஜோ, கிட்டார், பாஸ் என்று ஐந்தாகப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ரைஸ் இடைவெளி விட்ட இடத்தில் இவர்கள் வேறு ஏதோ கட்டுகிறார்கள்.

எனக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் ஐந்து புத்திசாலிகள் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது. கிறிஸ் தீலியின் குரல் உயரமானது, நடிப்பும் கொஞ்சம் கூடுதல். ரைஸின் தட்டையான குரல் கொடுத்த பாரத்தை அது வேறு வழியில்தான் தேட வேண்டியிருக்கிறது. எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. ஆனாலும், டேப்பைப் பார்த்து அச்சு அசலாக வாசிக்கிற நூறு வீடியோக்களைவிட, சறுக்குகிற இந்த முயற்சி ரைஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ரைஸ் பிளேக்கை அச்சு அசலாக வாசிக்கவில்லையே! பிளேக்கும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. 1987ல் இருவரும் சேர்ந்தே ஒரு தொகுப்பு செய்தார்கள், இரண்டு கிட்டாரோடு. தளர்ந்த மணிக்கட்டும் கழுவி வைத்த சுரமும் அதில் பக்கத்துப் பக்கத்தில் கேட்கும். இந்தக் கட்டுரையை நம்பாவிட்டாலும் அதைக் கேட்டுவிடுங்கள்.

1990களின் நடுவில் ரைஸின் குரல் போய்விட்டது. தொண்டைத் தசைகள் இறுகிப்போகிற ஒரு கோளாறு. பாடுவது நின்றது, பேச்சே கரகரவென்று ஆனது. அதற்குப் பிறகும் பல வருஷம் கிட்டார் வாசித்தார், அடுத்தவர்கள் பாடப் பின்னால் நின்றார். 2013ல் புளூகிராஸ் கௌரவ மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது, மேடையில் சில வாக்கியங்களைத் தன் பழைய குரலில் பேசிக் காட்டினார். கூடியிருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். கை அப்போது ஒத்துழைக்கவில்லை, மேடையில் வாசிப்பதும் அதோடு குறைந்து நின்றுபோனது.

கிட்டார் பகுதி மட்டும் போதும் என்றிருந்தால், குரல் போன பிறகும் ‘சர்ச் ஸ்ட்ரீட் புளூஸ்’ அவரிடம் முழுசாக மிஞ்சியிருக்க வேண்டும். அப்படி மிஞ்சவில்லை. அவர் கையில் இருந்தது பாட்டில் பாதி. இதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டை வாயைத் திறக்காமல் வாசிக்க எனக்கு மனசு வருவதில்லை.

நான் வாசிக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்டு எழுதியிருந்தார்கள். சி வடிவத்தில்தான் வாசிக்கிறேன். கேப்போவை என் தொண்டைக்குத் தகுந்த ஃப்ரெட்டில் போடுவேன், ரைஸ் எங்கே போட்டார் என்று பார்ப்பதில்லை. வேகம் அவரைவிடக் குறைவு. நடுவில் வருகிற தனி வாசிப்பை முழுசாக எடுப்பதில்லை. ஒரு சுற்று மெட்டை மட்டும் பிளேக் வழியில் வருடி வாசித்துவிட்டு அடுத்த சரணத்துக்குப் போய்விடுவேன். ‘தகிட தகிட தக’வில் இரண்டாவது ‘த’ மேல் தட்டில் விழும்படிதான் வைத்திருக்கிறேன், அந்த இடறல் எனக்கு வேண்டும். தந்தி மாற்றி ஒரு மாதமாவது ஆகியிருந்தால் நல்லது, புதுத் தந்தியின் மினுமினுப்பு இந்தப் பாட்டில் உறுத்துகிறது. ஷூவுக்குள் செய்தித்தாள் வைக்கிற வரி வரும்போது கிட்டாரை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, கீழ்த்தந்தி ஒன்றை மட்டும் தட்டிக்கொண்டு பாடுகிறேன். இது ரைஸிடமும் இல்லை, பிளேக்கிடமும் இல்லை. போன முறை பாடினபோது அந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த ஒருவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.